மடியில் கணிப்பொறி, சாவி யாரிடம்?

சென்ற ஆண்டு ஒருநாள் மாலை, எங்கள் கல்லூரியின் இறுதியாண்டு இயற்பியல் மாணவி ஒருவர் பழைய லேப்டாப் ஒன்றைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். விடுமுறையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் வாங்கியது அது. வெளிநாட்டில் பயன்படுத்திக் கழித்து, மொத்தமாக இறக்குமதி செய்து, சில்லறையில் விற்கப்பட்ட பொருள். வாங்கிய மறுநாள் அதிலிருந்த பழைய விவரங்களையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியிருக்கிறார். இணையத்தில் இணைந்தவுடன் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. இந்தச் சாதனம் இன்ன பள்ளியின் நிர்வாகத்தில் உள்ளது. பள்ளி கொடுத்த பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டால்தான் உள்ளே போகலாம்! மீண்டும் அழித்துப் பார்த்தார். மீண்டும் அதே அறிவிப்பு.

“காசு கொடுத்து வாங்கின பொருள் சார். அது ஏன் சார் என்னை யாருன்னு கேக்குது?” என்றார் அவர்.

கேள்வி எளியது. விடை அவ்வளவு எளிதன்று. ஒரு பொருள் நம் கையில் இருக்கும்போதே அதன் சாவி ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருக்க முடியும் என்ற நிலை எப்படி வந்தது? அதைத் தெரிந்துகொள்ள அறுபது ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு ஒன்றைத் திரும்பிப் பார்க்கவேண்டும். வாருங்கள், பார்ப்போம்.

பந்தியும் பரிமாறுபவரும்

1960-ஆம் ஆண்டுக்கு முன் கணிப்பொறி என்பது ஒரு பெரிய அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் எந்திரம். அதன் விலை லட்சக்கணக்கான டாலர். ஆராய்ச்சியாளர் தம் கணக்கைத் துளையிட்ட அட்டைகளில் பதித்து, கட்டாகக் கட்டி, எந்திரத்தை இயக்குபவரிடம் கொடுத்துவிட்டு வரவேண்டும். விடை சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ கிடைக்கும். ஓர் அட்டையில் ஒரு காற்புள்ளி தவறியிருந்தாலும் மீண்டும் வரிசையில் நிற்கவேண்டியதுதான்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) பணியாற்றிய ஜான் மெக்கார்த்தி, ஃபெர்னாண்டோ கார்பட்டோ ஆகியோர் இதற்கு மாற்றுவழி தேடினர். மனிதன் யோசிக்கும் வேகமும் விசையைத் தட்டும் வேகமும் மிகக் குறைவு. கணிப்பொறியின் வேகமோ மிக அதிகம். அப்படியானால் ஒரே எந்திரம் பலருக்கு மாறிமாறி வேலை செய்தால் என்ன?

கலியாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்பது இலைக்குச் சாம்பார் ஊற்றுபவர் ஒருவரே. அவர் ஒவ்வோர் இலைக்கும் ஒரு கரண்டி ஊற்றிவிட்டு நகர்கிறார். நாம் சோற்றைப் பிசைந்து உண்பதற்குள் ஒரு சுற்றுச் சுற்றிவந்துவிடுகிறார். அவர் நமக்காகவே நிற்பதுபோல நமக்குத் தோன்றுகிறது. இதுவே நேரப் பகிர்வு முறை. 1961 நவம்பரில் கார்பட்டோவின் குழு, ஐ.பி.எம். 709 என்ற எந்திரத்தில் இம்முறையை இயக்கிக் காட்டியது. பின்னர் ஐ.பி.எம். 7094 எந்திரத்தில் ஒரே நேரத்தில் சுமார் 30 பேர் வேலை செய்யும் அளவுக்கு அது வளர்ந்தது. இதற்காக அந்த எந்திரத்தில் இரு மாற்றங்கள் தேவைப்பட்டன. ஒன்று, குறித்த நேரம் முடிந்ததும் “போதும், அடுத்தவரிடம் போ” என்று குறுக்கிடும் கடிகாரம். மற்றது, ஒருவருடைய கணக்கு இன்னொருவருடைய நினைவகப் பகுதியில் கைவைக்காதபடி காக்கும் வேலி.

1961-லேயே மெக்கார்த்தி ஓர் உரையில், தொலைபேசியைப் போலக் கணிப்பும் ஒருநாள் பொதுப்பயன்பாட்டுச் சேவையாக அமையலாம் என்று கூறினார். இன்று நாம் ‘மேகக் கணிமை’ என்று அழைப்பதன் விதை அந்தக் கருத்துதான்.

1964 மே 1-ஆம் நாள் அதிகாலை 4 மணிக்கு டார்ட்மத் கல்லூரியில் இன்னொரு நேரப் பகிர்வு அமைப்பு உயிர்பெற்றது. ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் என்ற இரு கணிதப் பேராசிரியர்கள் உருவாக்கியது அது. விஞ்ஞானம் படிக்காத மாணவரும் கணிப்பொறியைத் தொடவேண்டும் என்பது அவர்களுடைய விருப்பம். அதற்காகவே ‘பேசிக்’ என்ற எளிய மொழியையும் உருவாக்கினர். தட்டச்சுப் பொறி போன்ற முனையம் மாணவர் முன்னே இருக்கும். கணிப்பொறி வேறு கட்டடத்தில் இருக்கும். நடுவே தொலைபேசிக் கம்பி. கவனியுங்கள்: மாணவர் முன் இருந்த பொருளில் அறிவும் இல்லை, நினைவும் இல்லை. எல்லாம் கம்பியின் மறுமுனையில்.

கடவுச்சொல் பிறந்தது, திருட்டும் பிறந்தது

பலர் ஓர் எந்திரத்தைப் பகிரும்போது, யாருடைய கோப்பு எது என்று பிரித்தறிய வேண்டும் அல்லவா? ஆகவே எம்.ஐ.டி.யின் நேரப் பகிர்வு அமைப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் வழங்கப்பட்டது. இன்று நாம் நாள்தோறும் தட்டும் கடவுச்சொற்களுக்கு மூதாதை அதுவே.

கடவுச்சொல் வந்த சூட்டோடு அதன் முதல் திருட்டும் நடந்தது. ஒவ்வொருவருக்கும் வாரத்துக்குச் சில மணி நேரமே கணிப்பொறி ஒதுக்கப்பட்டிருந்தது. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு அது போதவில்லை. 1962-இல் அவர், கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பை அச்சிடும்படி எந்திரத்துக்கே ஒரு வேண்டுகோள் அட்டையைக் கொடுத்தார். எந்திரமும் பணிவோடு அச்சிட்டுத் தந்துவிட்டது! பிறருக்கு ஒதுக்கிய நேரத்தில் அவர் தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். பல ஆண்டுகள் கழித்து அவரே இதை வெளிப்படையாகச் சொன்னார்.

பின்னொரு சமயம், அன்றைய அறிவிப்பைக் காட்டும் கோப்பும் கடவுச்சொல் கோப்பும் தவறுதலாக இடம் மாறிப்போயின. அன்று உள்ளே நுழைந்த ஒவ்வொருவர் முன்னும் எல்லோருடைய கடவுச்சொற்களும் வரிசையாக அச்சாயின. எல்லாச் சாவிகளையும் ஒரே ஆணியில் மாட்டினால் என்ன ஆகும் என்பதற்கு முதல் பாடம் இது. இந்தப் பாடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சொந்தக் கிணறு

1970-களின் நடுவில் காற்று திசை மாறியது. ஒரே சிலிக்கான் சில்லில் கணிப்பொறியின் மூளை முழுவதையும் அடக்க முடிந்தது. 1975-இல் ஆல்ட்டேர், 1977-இல் ஆப்பிள் II, 1981-இல் ஐ.பி.எம். பி.சி. எனச் சொந்தக் கணிப்பொறிகள் வந்தன. ஊர்ப் பொதுக்கிணற்றில் வரிசையில் நின்றவர், தம் வீட்டுக் கொல்லையில் தாமே கிணறு வெட்டிக்கொண்ட கதைதான். யாரிடமும் நேரம் கேட்கவேண்டாம். யாருக்கும் கணக்குச் சொல்லவேண்டாம்.

ஆனால் சொந்தக் கிணறு என்றால் தூர்வாருவதும் நம் பொறுப்பு. மென்பொருளை நாமே நிறுவவேண்டும். பழுதானால் நாமே சரிசெய்யவேண்டும். பிரதி எடுத்து வைக்காவிட்டால் வட்டு கெடும்போது எல்லாம் போய்விடும். ஓர் அலுவலகத்தில் 500 கணிப்பொறிகள் இருந்தால் ஒரு சிறு மாற்றத்துக்கும் ஒருவர் வட்டை எடுத்துக்கொண்டு 500 மேசைகளுக்கு நடக்கவேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு மிக அழகான விடை கண்டது 1983-இல் எம்.ஐ.டி. தொடங்கிய ‘ஆதீனா’ திட்டம். டிஜிட்டல், ஐ.பி.எம். என்ற இரு நிறுவனங்களின் துணையோடு 1991 வரை அது நடந்தது. வளாகமெங்கும் கணிப்பொறிகள் வைக்கப்பட்டன. மாணவர் எந்தக் கணிப்பொறியின் முன் அமர்ந்து பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தாலும் அவருடைய கோப்புகளும் அமைப்புகளும் அங்கே வந்துவிடும். எழுந்து போய்விட்டால் அது அடுத்தவருடைய கணிப்பொறி. கோப்புகள் இருந்தது மையச் சேமிப்பு எந்திரங்களில். ஒரு கணிப்பொறி கெட்டுப்போனால் மாணவருக்கு இழப்பு ஒன்றுமில்லை. அடுத்த மேசைக்கு நகர்ந்தால் போதும். இதற்காக உருவான அடையாளச் சரிபார்ப்பு முறைக்கு ‘கெர்பெரோஸ்’ என்று பெயர். கிரேக்கப் புராணத்தில் பாதாள உலகின் வாயிலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர் அது. இன்றும் எண்ணற்ற அலுவலகக் கணிப்பொறிகளின் வாயிலை இந்த நாய்தான் காக்கிறது.

எல்லிசனின் 500 டாலர் பெட்டி

1995-இல் ஆரக்கிள் நிறுவனத் தலைவர் லாரி எல்லிசன் பாரிஸ் நகரில் ஒரு மாநாட்டில் ஓர் அறிவிப்புச் செய்தார். 500 டாலருக்கு ஒரு வலையமைப்புக் கணிப்பொறி வரும். அதில் வட்டு இராது. மென்பொருளும் கோப்பும் வலையமைப்பின் வழியே வரும். சொந்தக் கணிப்பொறியின் காலம் முடிந்தது என்றார். சன் நிறுவனமும் 1996-இல் இத்தகைய பெட்டி ஒன்றை அறிவித்தது.

இம்முயற்சி தோற்றது. ஏன் தோற்றது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அன்று வீடுகளில் இருந்த தொலைபேசி மோடத்தின் வேகம் நொடிக்கு 28,800 பிட். ஒரு மெகாபைட் அளவுள்ள கோப்பில் 80 லட்சம் பிட் உண்டு. 80 லட்சத்தை 28,800-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 278 நொடி. அதாவது, ஒரு சாதாரணக் கோப்பைத் திறக்க நாலரை நிமிடத்துக்கு மேல்! அதே கோப்பை, நொடிக்கு 10 கோடி பிட் அனுப்பும் இன்றைய கண்ணாடி இழை இணைப்பு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் கொண்டுவந்துவிடும். எல்லிசனின் எண்ணம் தவறன்று. குழாய் போதிய அளவு அகலமாகும் முன்பே தொட்டியைக் கட்டிவிட்டார், அவ்வளவுதான். இதற்கிடையில் சொந்தக் கணிப்பொறியின் விலையும் மளமளவென்று இறங்கி, 500 டாலர் பெட்டிக்கு இருந்த ஒரே கவர்ச்சியையும் பறித்துக்கொண்டது.

மேகம் என்பது மேகமன்று

இரண்டாயிரத்துக்குப் பின் நிலைமை மாறியது. கூகிள் 2004 ஏப்ரலில் ஜிமெயிலைத் தொடங்கியது. அமேசான் நிறுவனம் 2006-இல் தன் சேமிப்பிடத்தையும் கணிப்பு ஆற்றலையும் மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டது. மெக்கார்த்தி சொன்ன பொதுப்பயன்பாட்டுச் சேவை, 45 ஆண்டுகள் கழித்து மின்சாரக் கட்டணச் சீட்டைப் போன்ற ரசீதோடு வந்து சேர்ந்தது.

இதை ‘மேகம்’ என்கிறோம். பொறியாளர்கள் வரைபடத்தில், உள்ளே என்ன நடக்கிறது என்று கவலைப்படத் தேவையில்லாத வலையமைப்புப் பகுதியை மேகம்போல வரைவது வழக்கம். பெயர் அங்கிருந்து வந்தது. ஆனால் உண்மையில் மேகம் பூமியில்தான் இருக்கிறது. ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளும், அவற்றைக் குளிர்விக்கும் எந்திரங்களும், டீசல் ஜெனரேட்டர்களும், காவலாளிகளும் உள்ள பெரிய கட்டடமே அது.

2009 ஜூலை 7-ஆம் நாள் கூகிள், ‘குரோம் ஓ.எஸ்.’ என்ற இயங்குதளத்தை உருவாக்கப் போவதாக அறிவித்தது. இயங்குதளம் என்பது கணிப்பொறியின் உறுப்புகளை மென்பொருள்களுக்குப் பங்கிட்டு மேற்பார்க்கும் அடிப்படை மென்பொருள். அம்முயற்சிக்குத் தலைமை ஏற்றவர்களுள் ஒருவர் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. லினக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளத்தின் கருவை எடுத்து, அதன்மேல் இணைய உலாவியை மட்டும் வைத்தார்கள். கடிதம், கணக்கு, படம் எல்லாமே உலாவிக்குள். லேப்டாப் என்பது மேகத்தைப் பார்க்கும் சன்னல்.

2010 டிசம்பரில் சோதனைக்காக வெளிவந்த முதல் லேப்டாப்பில் எந்த நிறுவனத்தின் முத்திரையும் இல்லை. அதன் பெயர் ‘சி.ஆர்.-48’. இயற்பியல் மாணவர்கள் புன்னகை செய்யலாம்! குரோமியத்தின் நிலையற்ற ஐசோடோப்புகளுள் ஒன்று குரோமியம்-48. அதன் அரை ஆயுள் சுமார் 21½ மணி நேரம். வந்தவேகத்தில் மறைந்துபோக வேண்டிய சோதனைப் பொருளுக்குப் பொருத்தமான பெயர். 2011 ஜூன் 15-இல் சாம்சங், ஏசர் நிறுவனங்கள் தயாரித்த ‘குரோம்புக்’ விற்பனைக்கு வந்தது. சாம்சங் லேப்டாப்பின் சேமிப்பிடம் வெறும் 16 ஜிகாபைட். பலர் கேலி செய்தனர். ஆனால் அமெரிக்கப் பள்ளிகள் அதை வரவேற்றன. சில ஆண்டுகளில் அந்நாட்டுப் பள்ளிகளுக்கு விற்கப்பட்ட கணிப்பொறிகளில் பாதிக்கும் மேல் குரோம்புக்குகளே.

காரணம் விலை மட்டுமன்று. ஒரே நிர்வாகி ஒரு மேசையில் அமர்ந்தபடி மாவட்டத்திலுள்ள பல்லாயிரம் லேப்டாப்புகளையும் கட்டுப்படுத்த முடிந்ததே முக்கிய காரணம்.

பூட்டு எப்படி வேலை செய்கிறது?

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். முதலில், லேப்டாப் கண்விழிக்கும் முறையைக் கவனிப்போம். அதன் உள்ளே, பயனர் எழுதி மாற்ற முடியாத நினைவகம் ஒன்று உண்டு. மின்சாரம் பாய்ந்தவுடன் முதலில் இயங்குவது அதிலுள்ள சிறு நிரல். தயாரித்தவரின் மின்னணுக் கையொப்பத்தைச் சரிபார்க்கத் தேவையான திறவுகோல் அதில் பதிந்திருக்கிறது. அது அடுத்த கட்ட நிரலின் கையொப்பத்தைச் சோதிக்கிறது. சரியாக இருந்தால் கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைக்கிறது. அது இயங்குதளத்தின் கருவைச் சோதிக்கிறது. இப்படி ஒவ்வொரு காவலாளியும் அடுத்தவரின் முகத்தைப் பார்த்து உறுதிசெய்த பிறகே கதவைத் திறக்கிறார். யாரேனும் ஒரு பிட்டை மாற்றியிருந்தாலும் கையொப்பம் பொருந்தாது. உடனே எந்திரம் மற்றொரு பிரதிக்கு மாறிக்கொள்ளும். ஆம், இயங்குதளத்தின் இரண்டு பிரதிகள் உள்ளே இருக்கின்றன. ஒன்றில் நாம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே மற்றது மேகத்திலிருந்து புதுப்பிக்கப்படுகிறது. அடுத்த முறை விழிக்கும்போது புதிய பிரதி பொறுப்பேற்கிறது.

இரண்டாவது, நிர்வாகம். பள்ளி ஒரு லேப்டாப்பை வாங்கியதும் அதைத் தன் பதிவேட்டில் சேர்க்கிறது. அந்த லேப்டாப்பின் வரிசை எண் இன்ன பள்ளிக்கு உரியது என்பது மேகத்தில் பதிவாகிறது. அதன்பின் லேப்டாப் அவ்வப்போது மைய எந்திரத்தைத் தொடர்புகொண்டு, “எனக்கு ஏதேனும் கட்டளை உண்டா?” என்று கேட்கிறது. எந்தத் தளங்களைத் திறக்கலாம், கேமரா இயங்கலாமா, திருடுபோனால் என்ன செய்வது என்ற விதிகள் ஒரு பட்டியலாக வருகின்றன. நிர்வாகி தொலைவிலிருந்து கையை நீட்டி எதையும் திருகுவதில்லை. சாதனமே கேட்டுக் கீழ்ப்படிகிறது.

இப்போது விளங்குகிறதா? மாணவி அழித்தது லேப்டாப்பில் இருந்ததை. பதிவேடு லேப்டாப்பில் இல்லை, மேகத்தில் இருக்கிறது. இணையத்தில் இணைந்தவுடன் எந்திரம் தன் வரிசை எண்ணைச் சொல்லி, “நான் யாருடையவன்?” என்று கேட்டிருக்கிறது. மேகம் பழைய எசமானரின் பெயரைச் சொல்லியிருக்கிறது. திருடனுக்கு எதிராகச் செய்த ஏற்பாடு நேர்மையாக வாங்கியவரையும் திருடனாகவே பார்த்தது.

இத்தகைய தொலைநிர்வாகம் குரோம்புக்கோடு தொடங்கியதன்று. வலையமைப்புச் சாதனங்களை மேற்பார்க்கும் பொது மொழி ஒன்று 1988-இலேயே வகுக்கப்பட்டது. 2010-இல் ஆப்பிள் தன் கைப்பேசிகளுக்கு இவ்வசதியை அளித்தது. இவ்வகை மென்பொருளைத் தயாரிக்கும் நிறுவனங்களுள் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவும் ஒன்று.

ஒளிக்கும் ஒரு வேகம் உண்டு

இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் மேலே போக மனமில்லை. கண்ணாடி இழையில் ஒளியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர். நம் கோப்பு 14,000 கிலோமீட்டர் தொலைவில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருப்பதாகக் கொள்வோம். செய்தி போய்வர 28,000 கிலோமீட்டர், அதற்கு 0.14 நொடி. எவ்வளவு பணம் செலவழித்தாலும் இந்த எல்லையைத் தாண்ட முடியாது. ஒவ்வொரு விசைத் தட்டலுக்கும் இவ்வளவு காத்திருந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். அமேசான் 2016-இலும் கூகிள் 2017-இலும் மும்பையில் மேக மையம் திறந்ததற்கு இதுவும் ஒரு காரணம். குரோம்புக்கும் பிற்காலத்தில் இணையம் இல்லாதபோதும் வேலை செய்யக் கற்றுக்கொண்டது.

தொலைநிர்வாகத்தின் உச்சத்தைக் காண வானத்தைப் பார்க்கவேண்டும். 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர்-1 விண்கலம் 2023 நவம்பரில் பொருளற்ற செய்திகளை அனுப்பத் தொடங்கியது. அதன் பழைய நினைவகச் சில்லு ஒன்று பழுது. தொலைவோ 2,400 கோடி கிலோமீட்டர். கட்டளை போய்ச்சேரவே 22½ மணி நேரம். பொறியாளர்கள் பழுதான சில்லில் இருந்த நிரலைத் துண்டுகளாக்கி வேறு இடங்களில் வைக்கும்படி கட்டளை அனுப்பினர். 2024 ஏப்ரலில் கலம் மீண்டும் தெளிவாகப் பேசியது. எந்த மனிதனும் இனித் தொட முடியாத எந்திரத்தைப் பழுதுபார்த்த இந்தச் சாதனையை நினைக்கும்போது மெய்சிலிர்க்கிறது.

கதவின் மறுபக்கம்

வாயேஜரின் மறுமுனையில் மனிதர் இல்லை. லேப்டாப்பின் மறுமுனையில் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லோயர் மெரியன் என்ற பள்ளி மாவட்டம், தன் உயர்நிலைப் பள்ளி மாணவர் சுமார் 2,300 பேருக்கு லேப்டாப் வழங்கியது. திருடுபோனால் கண்டுபிடிப்பதற்காக, தொலைவிலிருந்தே கேமராவை இயக்கும் மென்பொருளும் அதில் இருந்தது. இது மாணவருக்கும் பெற்றோருக்கும் முறையாகச் சொல்லப்படவில்லை. ஒரு மாணவரின் லேப்டாப் அவருடைய படுக்கையறையில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை படம் எடுத்துப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அவர் உறங்கும் படமும் அவற்றில் இருந்தது. பள்ளி அதிகாரி ஒருவர் அத்தகைய படம் ஒன்றைக் காட்டி விசாரித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. 2010 பிப்ரவரியில் குடும்பத்தார் வழக்குத் தொடுத்தனர். பல லேப்டாப்புகளிலிருந்து 50,000-க்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்திருந்தது விசாரணையில் தெரியவந்தது. குற்ற நோக்கத்துக்குச் சான்றில்லை என்று குற்றவியல் நடவடிக்கை எடுக்கப்படவில்லை. எனினும் அதே ஆண்டு அக்டோபரில் பள்ளி மாவட்டம் 6,10,000 டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது. அந்த மென்பொருளை நிறுவியவர்கள் தீயவர்கள் அல்லர். தொலைந்த பொருளைத் தேட நினைத்தவர்கள். கேமரா எப்போது நிற்கவேண்டும், யாரிடம் அனுமதி பெறவேண்டும் என்ற விதியை எழுத மறந்தார்கள்.

டென்மார்க்கில் வேறு வகைக் கேள்வி எழுந்தது. ஹெல்சிங்கோர் நகராட்சிப் பள்ளிகளின் குரோம்புக்குகள் வழியே பிள்ளைகளின் விவரங்கள் எங்கே போகின்றன என்று ஒரு தந்தை கேட்டார். 2022 ஜூலையில் அந்நாட்டுத் தகவல் பாதுகாப்பு அமைப்பு, அங்கே அவற்றின் பயன்பாட்டுக்கே தடை விதித்தது. செப்டம்பரில் தடை தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது. 2024 தொடக்கத்தில் 53 நகராட்சிகள் தம் நடைமுறையைச் சட்டத்துக்கு ஏற்பத் திருத்தும்படி ஆணை பிறந்தது. ஒரு தந்தையின் கேள்வி எவ்வளவு தூரம் போயிற்று என்று பாருங்கள்!

மூன்றாவது ஆபத்து, எல்லாச் சாவிகளும் ஒரே ஆணியில் தொங்குவது. 2020 டிசம்பர் 14-ஆம் நாள், கொரோனாக் காலத்தில் உலகெங்கும் பிள்ளைகள் திரை வழியே படித்துக்கொண்டிருந்தபோது, கூகிளின் சேவைகள் சுமார் 45 நிமிடம் முடங்கின. கேபிள் அறுந்ததா? இல்லை. பயனர் யார் என்று சரிபார்க்கும் அமைப்புக்கு ஒதுக்கிய அளவைத் தானியங்கி நிரல் ஒன்று தவறாகக் குறைத்துவிட்டது. பாடங்கள் மேகத்தில் பத்திரமாகவே இருந்தன. வாயிற்காவலர்தான் யாரையும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

2024 ஜூலை 19-ஆம் நாள் நடந்தது இன்னும் பெரியது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் விண்டோஸ் கணிப்பொறிகளுக்குத் தொலைவிலிருந்து அனுப்பிய ஒரு சிறு கோப்பில் பிழை. சுமார் 85 லட்சம் கணிப்பொறிகள் நீலத்திரை காட்டி வீழ்ந்தன. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் திணறின. நிறுவனம் 78 நிமிடங்களில் பிழையைத் திரும்பப் பெற்றது. ஆனால் வீழ்ந்த எந்திரத்தால் கண்விழித்துப் புதிய கட்டளையைக் கேட்க முடியவில்லையே! பல இடங்களில் ஊழியர்கள் எந்திரம் எந்திரமாக நடந்துசென்று கையால் சரிசெய்ய வேண்டியதாயிற்று. வட்டை எடுத்துக்கொண்டு மேசை மேசையாக நடந்த பழைய காலம் சில நாட்களுக்குத் திரும்பி வந்தது.

நாம் கேட்கவேண்டியவை

இவற்றைச் சொல்வது மேகத்தைப் பழிப்பதற்காக அன்று. தொலைவிலிருந்து வரும் புதுப்பிப்பால்தான் வைரஸ்களிலிருந்து நம் எந்திரம் தப்புகிறது. லேப்டாப் கீழே விழுந்து நொறுங்கினாலும் ஆராய்ச்சிக் கட்டுரை பிழைக்கிறது. ஆனால் குழாய்த் தண்ணீர் வந்த பிறகும் அது எங்கிருந்து வருகிறது, யார் திறந்து மூடுகிறார் என்று ஊரார் கேட்கத்தானே செய்கிறோம்? அதுபோலக் கணிப்பொறி வாங்கும்போதும், பள்ளியோ அலுவலகமோ கொடுக்கும்போதும் சில கேள்விகளைக் கேட்கப் பழகவேண்டும். இந்த எந்திரம் எனக்குச் சொந்தமா, கொடுத்தவருக்கா? தொலைவிலிருந்து அவர் எவற்றைப் பார்க்கலாம், எவற்றைப் பார்க்கக்கூடாது? என் கோப்புகளின் பிரதி என்னிடமும் இருக்கிறதா? எத்தனை ஆண்டுகளுக்குப் புதுப்பிப்புகள் வரும்?

கடைசிக் கேள்வியை அற்பமாக எண்ணவேண்டாம். புதுப்பிப்பு நின்றால் நல்ல நிலையில் உள்ள எந்திரமும் குப்பைக்குப் போகிறது. அமெரிக்காவில் நுகர்வோர் அமைப்புகள் இதை எதிர்த்துக் குரல்கொடுத்த பின், 2023 செப்டம்பரில் கூகிள் குரோம்புக்குகளுக்கு 10 ஆண்டுகள் புதுப்பிப்பு வழங்குவதாக அறிவித்தது. கேட்டால் கிடைக்கிறது என்பதற்கு இது சான்று.

அந்த மாணவியின் லேப்டாப் என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே! விற்றவர் கைவிரித்துவிட்டார். திரையில் தெரிந்த பள்ளிக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு மின்னஞ்சல் எழுதினோம். லேப்டாப்பின் வரிசை எண்ணையும் கடை ரசீதின் படத்தையும் இணைத்தோம். மூன்று வாரம் பதில் இல்லை. பிறகு ஒருநாள் பணிவான கடிதம் ஒன்று வந்தது. பழைய லேப்டாப்புகளை மொத்தமாக விற்றபோது பதிவேட்டிலிருந்து சிலவற்றை நீக்க மறந்துவிட்டோம், மன்னிக்கவும், இப்போது நீக்கிவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள்.

மாணவி லேப்டாப்பைத் திறந்து மீண்டும் இணையத்தில் இணைத்தார். இம்முறை அது யாருடைய பெயரையும் சொல்லவில்லை. புதிய பயனரின் பெயர் என்ன என்று மட்டும் கேட்டது. அவர் தம் பெயரைத் தட்டினார்.